ஏற்காட்டு வீடும் ஐந்து பழைய சாவிகளும்: பூட்டு மாற்றிய ஒரு நிகழ்வின் ஆய்வு

சேலத்தில் கட்டடப் பொறியாளராக இருக்கும் எனக்கு, பழைய வீடு வாங்குபவர்களுக்காக அந்த வீட்டைப் போய்ப் பார்த்து, ஒழுகும் தளம், விரிசல் கண்ட சுவர், கரையான் அரித்த கதவு நிலை ஆகியவற்றைப் பற்றி எழுதிக் கொடுப்பது தொழிலின் ஒரு பகுதி. 2025 ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நடந்த இந்த நிகழ்வில், வீட்டை வாங்கிய தம்பதியருக்கு நான் அப்படித்தான் அறிமுகமானேன். அவர்களுடைய ஒப்புதலோடும், யாருடைய அடையாளமும் தெரியாதபடியும் இதைப் பதிவு செய்கிறேன். கிரயத்துக்கு முன் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று என்று ஒவ்வொன்றையும் துருவிப் பார்க்கும் நாம், சாவிக்கொத்தை மட்டும் எண்ணிக்கூடப் பார்க்காமல் வாங்கிப் பையில் போட்டுக்கொள்கிறோம். அந்தக் கவனக்குறைவால் முதலில் அடிபடுவது நாணயமான ஒரு குடும்பத்தின் பெயராக இருக்கக்கூடும் என்பதை நான் நேரில் பார்த்ததால்தான் இதை எழுதத் தோன்றியது.

பின்னணி

வாங்கியவர் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர்; மனைவி பள்ளி ஆசிரியை. இருவரும் சேலம் அம்மாபேட்டைப் பக்கம் குடியிருக்கிறார்கள். கோடையில் பேரப்பிள்ளைகளோடு தங்குவதற்காக, ஏற்காடு ஏரியிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, காப்பிச் செடிகளும் சில்வர் ஓக் மரங்களும் சூழ்ந்த ஒரு பழைய ஓட்டு வீட்டை வாங்கினார்கள். விற்றவர் வெளியூரில் குடியேறிவிட்டவர். கடந்த சில ஆண்டுகளாக அவர் அந்த வீட்டை வார இறுதிகளில் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விட்டுவந்திருக்கிறார். இந்த விவரம் பேச்சுவாக்கில் சொல்லப்பட்டது. அப்போது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வீட்டுக்குள் நுழைய மொத்தம் மூன்று வழிகள் இருந்தன. முன்புறம் வராந்தா கிரில்லில் ஒரு தொங்கு பூட்டு; அதைத் தாண்டினால் தேக்குக் கதவில் பழைய லீவர் வகை மார்டிஸ் பூட்டு (கதவுக்குள் குழி வெட்டிப் பதிக்கும் வகை). பின்புறம் துணி துவைக்கும் இடத்தை ஒட்டி, சில ஆண்டுகளுக்கு முன் மாற்றப்பட்ட, கைப்பிடியும், சாவி நுழையும் சிலிண்டரும் உள்ள கதவு. சமையலறையின் பக்கக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் மட்டும். இவை தவிர, வெளியே விறகும் தட்டுமுட்டுச் சாமான்களும் கிடக்கும் அறைக்குத் திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு ஒன்றும், கார் ஷெட் கேட்டுக்கு இன்னொரு தொங்கு பூட்டும் இருந்தன.

வீட்டை ஒட்டிய மலைக் கிராமத்தைச் சேர்ந்த கணவனும் மனைவியும் பல ஆண்டுகளாக அங்கே பெருக்கித் துடைத்து, தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். விற்பனைக்குப் பிறகும் அவர்களே தொடரட்டும் என்று வாங்கியவர்கள் முடிவு செய்திருந்தார்கள்.

சாவி கைமாறிய நாள்

ஜூன் 9 அன்று கிரயப் பத்திரம் பதிவானது. சுவாதீனம் ஒப்படைக்கப்பட்டதாகப் பத்திரத்தில் எழுதப்பட்டாலும், சாவிகள் உண்மையில் கைமாறியது ஜூன் 14 அன்று, ஏற்காட்டில். ஒரு கம்பி வளையத்தில் பதினொரு சாவிகள் இருந்தன. அவற்றில் ஐந்து எந்தப் பூட்டுக்கும் பொருந்தவில்லை. பின்கதவுக்கு இரண்டு சாவிகள் பொருந்தின.

அந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்திருந்தால் அன்றைக்கே ஒரு செய்தி கிடைத்திருக்கும். ஒன்றின் தலைப்பகுதியில் பூட்டு நிறுவனத்தின் முத்திரையும் ஓர் எண்ணும் பொறிக்கப்பட்டிருந்தன. விளிம்புகள் பல ஆண்டுப் புழக்கத்தில் வழவழப்பாகியிருந்தன. மற்றொன்றின் தலையில் எதுவும் இல்லை; வெட்டுப்பட்ட பற்களின் ஓரத்தில் விரலை வைத்தால் பிசிறு உறுத்தியது. அது கடைத்தெருவில் இயந்திரத்தில் வெட்டிய நகல் சாவி. அந்த வகைப் பூட்டு வாங்கும்போது பெட்டியிலேயே மூன்று அசல் சாவிகள் வரும். வந்து சேர்ந்தது ஓர் அசலும் ஒரு நகலும் என்றால், இரண்டு அசல்கள் வேறெங்கோ இருக்கின்றன. நகல்கள் எத்தனை என்பதற்குக் கணக்கே இல்லை. இதை நான் ஜூலையில்தான் கவனித்தேன். கிரயத்துக்கு முன் வீட்டைப் பார்த்து நான் எழுதிக் கொடுத்த ஆறு பக்க அறிக்கையில் பூட்டுகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

அன்று அவர்கள் சரியாகச் செய்த காரியம் ஒன்று உண்டு. மின்கட்டணத்தை விற்றவர் கணக்கில் முடித்துக்கொள்வதற்காக மீட்டரில் இருந்த எண்ணை, 18,426 என்று, இருவர் முன்னிலையில் குறித்துக்கொண்டு, செல்பேசியில் படமும் எடுத்தார்கள். பிறகு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு இறங்கினார்கள்.

பூட்டு மாற்றத்தைத் தள்ளிப்போட்டதற்கான காரணம்

வராந்தா கிரில்லுக்கும் கார் ஷெட்டுக்கும் அன்றே புதிய தொங்கு பூட்டு போட்டார்கள். கதவுப் பூட்டுகளை மாற்றவில்லை. ஆனியிலும் ஆடியிலும் புதுவீட்டில் பால் காய்ச்சுவது அவர்கள் குடும்பத்தில் வழக்கமில்லை; ஆவணியில் நாள் பார்த்துக் குடிபுகுவதாக இருந்தது. அதற்கு முன் கதவுகளை இழைத்து வார்னிஷ் அடிக்க வேண்டியிருந்ததால், ஆசாரி வரும்போது பூட்டுகளையும் சேர்த்து மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தார்கள். ஒரே வேலைக்கு இரண்டு முறை மலையேற்றிக் கூலி கொடுப்பானேன் என்ற எண்ணம் நியாயமானதே. வீட்டில் அப்போது பழைய கட்டிலும் பாத்திரங்களும் தவிர விலை உயர்ந்த பொருள் எதுவும் இல்லை என்பதும் அவர்களுக்கு ஒரு தைரியத்தைக் கொடுத்தது.

ஜூலை 5: கண்டவை

மூன்று வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை காலையில் கூரை வேலைக்கு அளவெடுக்க நானும் அவர்களோடு போனேன். மலையில் தென்மேற்குப் பருவமழையின் தூறல் இருந்தது. கிரில்லின் புதிய பூட்டு போட்டது போட்டபடி இருந்தது. முன்கதவைத் திறந்து உள்ளே போனபோது எதுவும் கலைந்ததாகத் தெரியவில்லை. சமையலறைக்குள் முதலில் போனவர் அந்த அம்மாதான். தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு எவர்சில்வர் டம்ளர் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அதை நிமிர்த்தியபோது அடியில் உலர்ந்த காப்பிக் கசடு வட்டமாக ஒட்டியிருந்தது. போன முறை எல்லாப் பாத்திரங்களையும் தானே கழுவி அலமாரியில் அடுக்கியதாக அவர் உறுதியாகச் சொன்னார்.

அதன் பிறகு வரிசையாக மற்றவை கண்ணில் பட்டன. குளியலறைப் பிறையில், தங்கும் விடுதிகளில் கொடுப்பது போன்ற சிறிய சோப்பு பாதி கரைந்து கிடந்தது. பின்கதவின் உட்புறத் தரையில் சிறிதும் பெரிதுமாக இரண்டு வகைச் செருப்புத் தடங்கள், செம்மண் காய்ந்து படிந்திருந்தன. மெயின் சுவிட்ச் அணைந்தே இருந்தது. ஆனால் மீட்டரில் 18,441 என்று இருந்தது. 15 யூனிட்டுகள் ஓடியிருந்தன. குளியலறையில் இருப்பது 2 கிலோவாட் வெந்நீர் கலம். அது மட்டுமே ஏழரை மணி நேரம் ஓடினால்தான் இவ்வளவு யூனிட் ஆகும். யாரோ சில நிமிடம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனதாக இதைக் கொள்ள முடியாது. ஒரு நாளாவது தங்கிக் குளித்து, கிளம்பும்போது பொறுப்பாக மெயினையும் அணைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

எந்தக் கதவும் நெம்பப்படவில்லை. ஜன்னல் கம்பிகள் அசையவில்லை. வந்தவர்கள் சாவி போட்டுத்தான் வந்திருக்கிறார்கள்.

அந்த அம்மாவின் சந்தேகம் உடனே ஒரே இடத்தில் போய் நின்றது. "அவங்க கிட்டத்தானே சாவி இருக்கு, வேற யாரு வரப்போறா?" என்று தாழ்ந்த குரலில் கணவரிடம் கேட்டார். தோட்டத்தில் இலை கூட்டிக்கொண்டிருந்த பெண்மணி அப்போது வாசலில்தான் இருந்தார். அது அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். துடைப்பத்தை வைத்துவிட்டு வீட்டுக்குப் போனவர், கணவரையும் அழைத்துக்கொண்டு திரும்பி வந்தார். அவர் கையில், கோயில் மஞ்சள் கயிற்றில் கோத்த ஒற்றைச் சாவி இருந்தது. "இந்தாங்க சார், இது பின்கதவுச் சாவி. பெரியவரு கொடுத்தது. எங்ககிட்ட இருந்தா எங்களுக்குத்தான் பயம்" என்று சொல்லி, யாரும் கேட்காமலே அதைத் திண்ணையில் வைத்தார்.

என்ன கேட்பது என்ற முடிவு

இந்த நிகழ்வில் மிகச் சரியான முடிவு என்று நான் கருதுவது அடுத்த அரை மணி நேரத்தில் எடுக்கப்பட்டது. வீட்டுக்காரர் அந்தத் தம்பதியரிடம் வந்தது யார் என்று விசாரிக்கவில்லை. இந்த வீட்டுச் சாவி யார் யாரிடம் இருக்கிறது என்பதை மட்டும் கேட்டார். முதல் கேள்வி எதிரில் நிற்பவரைக் குற்றவாளியாக்கும். இரண்டாவது அவரையும் தகவல் சொல்லும் இடத்தில் நிறுத்தும். அந்தப் பெண்மணி யோசித்து, மின்வேலை பார்ப்பவர் ஒருவரிடம் ஒன்று இருப்பதாகச் சொன்னார். தங்களுக்கு முன் அங்கே வேலை பார்த்துவிட்டுச் சேலத்துக்குப் போய்விட்டவரிடம் இருந்த சாவி திரும்பி வந்ததா என்று தெரியாது என்றும் சொன்னார். வாரக் கடைசியில் ஆட்கள் வந்தால் அவர்களே திறந்துகொள்வார்கள், தாங்கள் மறுநாள் வந்து பெருக்குவதோடு சரி என்றும் சேர்த்துச் சொன்னார்.

அன்று மாலை, விற்றவரைத் தொலைபேசியில் அழைத்து அதே கேள்வியைக் கேட்டார்கள். அவர் ஒளிவுமறைவில்லாமல் யோசித்துப் பதில் சொன்னார். தோட்டம் பார்ப்பவர்கள், பழைய வேலையாள், மின்வேலைக்காரர், சேலத்தில் இருக்கும் தன் தங்கை வீடு, வார இறுதி வாடகையைக் கவனித்துக்கொண்ட முகவர் என்று ஐந்து இடங்கள் வந்தன. வீட்டை விற்றுவிட்டதை முகவருக்குச் சொல்லியாகிவிட்டது என்றும், இனி யாரையும் அனுப்பமாட்டார் என்றும் உறுதி கூறினார்.

காவல் நிலையத்துக்குப் போவதா என்று யோசித்தார்கள். எதுவும் களவு போகவில்லை, எதுவும் உடைக்கப்படவில்லை. புகார் எழுதினால் முதலில் விசாரணைக்கு அழைக்கப்படப் போவது பக்கத்தில் இருக்கும் எளிய குடும்பம்தான் என்று வீட்டுக்காரர் சொன்னார். அதனால் அன்று போகவில்லை. நடந்ததையும் மீட்டர் எண்ணையும் எழுதி, படங்களோடு விற்றவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவைத்தார்கள். நாளும் நேரமும் அழியாத பதிவாக அது பின்னால் உதவியது.

ஐந்து சாவிகளையும் திரும்ப வாங்கிக்கொண்டால் போதாதா என்று வீட்டுக்காரர் என்னைக் கேட்டார். போதாது என்றேன். சாவியைத் திருப்பிக் கொடுப்பவர் நேர்மையானவராகவே இருக்கலாம். ஆனால் அது அவரிடம் இருந்த காலத்தில் அவர் வீட்டில் வேறு யார் எடுத்துப் போய் நகல் வெட்டினார்கள் என்பது அவருக்கே தெரியாமல் இருக்கலாம். வந்த சாவிகளை எண்ணலாமே தவிர, வராதவற்றை எண்ண வழி கிடையாது.

காப்பீட்டைப் பற்றியும் ஒன்று சொன்னேன். வீட்டுக்கான களவுக் காப்பீடுகளில் பெரும்பாலும், பலவந்தமாக உடைத்து நுழைந்தால்தான் இழப்பீடு என்ற நிபந்தனை இருக்கும். பாலிசியின் வாசகம் அப்படி இருந்தால், பலப்பிரயோகம் இல்லாத திருட்டு அதில் அடங்காது என்று 2004-இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்திருக்கிறது. சாவி போட்டுத் திறந்தவன் கதவில் எந்தத் தடயத்தையும் விட்டுச் செல்வதில்லை. பாலிசி இருந்தும் பயனில்லாமல் போகும் நிலை இப்படித்தான் வருகிறது.

தற்காலிக ஏற்பாடு

அன்றே ஏற்காடு கடைவீதியில் ஒரு கனமான ஆல்ட்ராப்பும் (தொங்கு பூட்டு மாட்டும் பெரிய தாழ்ப்பாள்) தொங்கு பூட்டும் வாங்கி, பின்கதவின் வெளிப்புறத்தில் பொருத்தச் செய்தோம். பார்க்க அழகாக இல்லை; ஆனால் எத்தனை பழைய சாவிகள் வெளியே இருந்தாலும் அந்தக் கதவு திறக்காது. முன்கதவுக்கு முன்னால் ஏற்கெனவே கிரில் பூட்டு புதிது. இதற்கு ஆன செலவு ஆயிரம் ரூபாய்க்குள்தான். ஜூன் 14 அன்றே இதைச் செய்திருக்கலாம்.

எதை மாற்றுவது, எதை விடுவது

ஜூலை 17 அன்று ஆடி பிறக்க இருந்தது. ஆடியில் நிலையில் உளி வைக்கக்கூடாது என்று வீட்டில் இருந்த மூத்த அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், அதற்கு முந்தைய சனிக்கிழமையான 12-ஆம் தேதி வேலை நாளாகக் குறிக்கப்பட்டது. வழக்கத்தைக் காரணம் காட்டித் தள்ளிப்போடப்பட்ட வேலை, அதே வழக்கத்தால் விரைவுபடுத்தப்பட்டதில் எனக்கு மகிழ்ச்சி.

பூட்டு மாற்றம் என்றாலே கதவில் இருப்பதை முழுவதும் பிடுங்கிப் புதிது வைப்பது என்று பலர் நினைக்கிறார்கள். பின்கதவுப் பூட்டின் உடலும் கைப்பிடியும் நன்றாக இருந்தன. அதில் சாவி நுழையும் சிலிண்டரை மட்டும் மாற்றினால் எல்லாப் பழைய சாவிகளும் ஒரே நொடியில் வெறும் உலோகத் துண்டுகளாகிவிடும். முன்கதவின் பழைய லீவர் பூட்டில் அப்படிக் கழற்றி மாற்றும் சிலிண்டர் கிடையாது. அதை முழுவதுமாகத்தான் மாற்ற வேண்டும். பக்கக் கதவின் தாழ்ப்பாளுக்கு வெளியிலிருந்து திறக்க வழியே இல்லாததால் அதைத் தொடவில்லை.

சாமான் அறையின் திண்டுக்கல் பூட்டைப் பற்றிச் சற்று விவாதம் நடந்தது. பூட்டு கையால் செய்யப்பட்டது. ஒரே சாவிதான் இருந்தது. அது எப்போதும் தன் அஞ்சறைப் பெட்டிக்குள்தான் இருந்தது என்று விற்றவரின் தங்கை சொன்னார். அந்தப் பூட்டின் தடித்த சாவியைச் சாதாரண நகல் இயந்திரத்தில் வைத்து வெட்டவும் முடியாது. அரம் பிடிக்கத் தெரிந்தவர் உட்கார்ந்து ராவ வேண்டும். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டு அது. அறையில் விறகுதான் இருக்கிறது என்பதால் அப்படியே விட்டுவிடலாம் என்ற என் கருத்தை ஏற்றுக்கொண்டார்கள்.

சிலிண்டர் வாங்கும்போது அளவில் தவறுவதுதான் அதிகம். கதவின் விளிம்பில் சிலிண்டரைப் பிடித்திருக்கும் திருகாணி ஒன்று இருக்கும். அந்தத் திருகாணியின் மையத்திலிருந்து வெளிப்பக்கம் எவ்வளவு, உள்பக்கம் எவ்வளவு என்று தனித்தனியாக அளக்க வேண்டும். இந்தக் கதவில் 30 மில்லிமீட்டரும் 30 மில்லிமீட்டருமாக மொத்தம் 60 வந்தது. கடைக்காரர் 70 கொடுத்து, கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பரவாயில்லை என்றார். பரவாயில்லை என்று விடக்கூடாத இடம் இது. வெளிப்புறத் தகட்டைவிட மூன்று மில்லிமீட்டருக்கு மேல் சிலிண்டர் நீட்டிக்கொண்டிருந்தால், குறடால் பிடித்து அதை முறித்துவிடலாம். திருகாணி நுழையும் நடுப்பகுதிதான் சிலிண்டரின் மெலிந்த இடம். ஐந்து ரோடு பக்கம் இன்னொரு கடையில் சரியான அளவு கிடைத்தது. வெளிப்பக்கம் சாவியும் உள்பக்கம் கைத்திருகும் உள்ள வகையைத் தேர்ந்தெடுத்தோம். இரவில் நெருப்பு, புகை என்று ஏதாவது ஏற்பட்டால் உள்ளே இருப்பவர் சாவியைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. கதவிலோ அதன் பக்கத்திலோ கண்ணாடி இருந்தால் இந்த வகை ஆகாது, ஏனெனில் கண்ணாடியை உடைத்துக் கைவிட்டுத் திருகிவிடலாம். இங்கே கண்ணாடி இல்லை.

ஜூலை 12: வேலை நடந்த விதம்

ஆசாரி சேலத்திலிருந்து காலையில் எங்களோடு காரில் வந்தார். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து மேலே போனபோது மூடுபனி இறங்கியிருந்தது. பின்கதவு வேலை இருபது நிமிடத்தில் முடிந்தது. விளிம்பிலிருந்த நீளத் திருகாணியைக் கழற்றிவிட்டு, பழைய சாவியைப் போட்டு மெல்லத் திருப்பினார். சிலிண்டரின் நடுவில் இருக்கும் நாக்கு, உடலோடு ஒரே கோட்டில் வரும் ஒரு புள்ளி உண்டு. சாவி நேராக இருக்கும் நிலையிலிருந்து சற்றே சாய்ந்ததும் அது வந்துவிடும். அந்த இடத்தில் சிலிண்டர் தானாக வழுக்கிக்கொண்டு கையோடு வந்தது. தெரியாதவர்கள் இந்த இடத்தில்தான் சுத்தியலை எடுக்கிறார்கள்.

வெளியே வந்த பழைய சிலிண்டருக்குள் வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது. சாவி இறுகுகிறது என்று யாரோ அவ்வப்போது தேங்காய் எண்ணெய் விட்டிருக்கிறார்கள். சேலத்து வெயிலில் அது தெரியாது. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில், 24 டிகிரிக்குக் கீழே வெப்பம் இறங்கியதும் தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும்; தூசியோடு சேர்ந்து உள்ளே இருக்கும் சிறு ஊசிகளை அசையவிடாமல் பிடித்துக்கொள்ளும். புதிய சிலிண்டருக்குக் கிராஃபைட் தூள் மட்டும் போதும் என்று ஆசாரி சொன்னார். பென்சில் முனையைச் சீவி அந்தத் தூளைச் சாவியில் தடவிப் போட்டு எடுத்துக் காட்டினார்.

முன்கதவுதான் நாளை விழுங்கியது. பழைய பூட்டை எடுத்த குழி புதியதைவிட அகலமாக இருந்ததால், தேக்குச் சக்கையை ஒட்டி அடைத்து மறுபடி செதுக்க வேண்டியிருந்தது. எல்லாம் பொருத்திய பிறகு கதவு திறந்திருக்கும்போது பூட்டு நன்றாக வேலை செய்தது. மூடினால் நாக்கு நிலையின் தகட்டில் முட்டியது. மழைக்காலத்தில் மரம் உப்பி, கதவு அரை விரற்கடை அளவுகூட இல்லாமல் சற்றே இறங்கியிருந்தது. ஆசாரி நாக்கின் முனையில் சாக்பீஸைத் தேய்த்துக் கதவை மூடித் திறந்தார். தகட்டில் எங்கே வெள்ளை படிந்ததோ அங்கே அரத்தால் இரண்டு மில்லிமீட்டர் ராவினார். கதவுப் பலகையை இழைக்கலாமே என்று நான் கேட்டேன். கோடையில் மரம் வற்றியதும் இடைவெளி விழும், தகட்டை ராவினால் இரண்டு காலத்துக்கும் ஒத்துவரும் என்றார். அவர் சொன்னது சரி.

வேலை முடிந்ததும் பழைய சாவி ஒவ்வொன்றையும் எடுத்து, புதிய பூட்டுகளில் போட்டுப் பார்த்தோம். எதுவும் முழுதாக நுழையவில்லை. பூட்டுகள், கூலி, போக்குவரத்து எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 9,000 ரூபாய் ஆனது.

சாவிக் கணக்கு

புதிய சாவிகள் எத்தனை, எது யாரிடம், எந்தத் தேதியிலிருந்து என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் அந்த அம்மா எழுதத் தொடங்கினார். சாவி வளையத்தில் வீட்டின் பெயரோ ஊரோ எழுதப்படவில்லை. நோட்டில் உள்ள எண் மட்டும். ஒரு சாவி, சேலத்தில் மகன் வீட்டில் ஒட்டிய உறைக்குள், உறையின் மேல் கையெழுத்தோடு வைக்கப்பட்டது. பூட்டோடு வந்த குறியீட்டு அட்டை பத்திரங்களோடு சேர்ந்தது; அந்த அட்டை இருந்தால் சாவி கையில் இல்லாமலே நகல் வாங்க முடியும் வகை அது.

தோட்டம் பார்ப்பவர்களுக்கு வராந்தா கிரில்லின் சாவி மட்டும் கொடுக்கப்பட்டது. வீட்டுக்குள் பெருக்கும் வேலை, வீட்டுக்காரர்கள் வரும் நாளில் மட்டும் என்று பேசி, அதற்கேற்பச் சம்பளத்தில் எதுவும் குறைக்காமல் முடிவு செய்தார்கள். அந்த மனிதர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. ஆனால் வந்தது யார் என்ற கேள்வி அப்போதும் தீரவில்லை. அந்த அம்மாவும் வேலைக்கார அம்மாவும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை என்பதைக் கவனித்தேன்.

ஆகஸ்ட் 15 இரவு

2025-இல் சுதந்திர தினம் வெள்ளிக்கிழமை. சனி, ஞாயிறும் சேர்ந்ததால் ஏற்காட்டில் அறைகள் நிரம்பியிருந்தன. இரவு 9:40-க்குத் தோட்டக்காரர் அம்மாபேட்டைக்குத் தொலைபேசினார். வீட்டுக்குப் பின்னால் ஒரு கார் நிற்கிறது, ஆறு பேர் இறங்கியிருக்கிறார்கள், பின்கதவைத் திறக்கப் பார்க்கிறார்கள் என்றார்.

வந்திருந்தவர்கள் ஈரோட்டுப் பக்கத்துக் குடும்பம். வயதான ஒரு பாட்டியும் மூன்று வயதுக் குழந்தையும் இருந்தார்கள். மே மாதக் கோடை விழாவின்போதே இந்த விடுமுறைக்கு முன்பணம் கட்டியிருந்தார்கள். "ஐயா, நாங்க பணம் கட்டிட்டுத்தான் வந்திருக்கோம். சாவியும் அவரே கொடுத்துவிட்டாரு, போடப் போட நுழைய மாட்டேங்குது" என்று அந்தக் குடும்பத்தலைவர் பதற்றத்தோடு சொன்னார். வீட்டுக்காரர், "தம்பி, வீடு இப்ப எங்களோடது. உங்க மேல தப்பு இல்ல, குழந்தையை மழையில நிக்க வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, கிரில்லைத் திறந்து அவர்களை வராந்தாவில் உட்காரவைக்குமாறு தோட்டக்காரரிடம் சொன்னார். தோட்டக்காரரின் மனைவி தன் வீட்டிலிருந்து வெந்நீரும், குழந்தைக்குப் பாலும் கொண்டுவந்து கொடுத்தார். தெரிந்தவர் மூலம் ஒண்டிக்கடை அருகே ஓர் அறை கிடைக்க நள்ளிரவு ஆகிவிட்டது.

அவர்கள் கையில் இருந்த சாவியில் சிவப்புப் பிளாஸ்டிக் அட்டை ஒன்று தொங்கியது. அதில் 4 என்று எழுதியிருந்தது. விற்றவருக்குத் தெரிந்தவரை முகவரிடம் இருந்தது ஒரே ஒரு சாவி.

பின் நடந்தவை

மறுநாள் விற்றவர் முகவரிடம் பேசினார். வீடு கைமாறிய பிறகும், வாங்கிய முன்பணங்களைத் திருப்பித் தர மனமில்லாமல், காலியாகக் கிடக்கும் வீடுதானே என்று அவர் ஆட்களை அனுப்பிக்கொண்டிருந்தது வெளிப்பட்டது. ஜூன் மாதக் கடைசியில் ஒரு குடும்பம் இரண்டு நாள் தங்கியிருக்கிறது. பாதி கரைந்த சோப்பும் 15 யூனிட்டும் அவர்களுடையவை. பூஜை விடுமுறைக்கும் ஒரு பதிவு இருந்தது. ஈரோட்டுக் குடும்பத்தின் பணம் இரண்டு நாளில் திரும்பியது. இணையத்தில் இருந்த வீட்டுப் படங்கள் எடுக்கப்பட்டன.

இம்முறை காவல் நிலையத்தில் மனு கொடுத்து, மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது பெற்றுக்கொண்டார்கள். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 329-ஆம் பிரிவின்படி, தீய நோக்கத்தோடு நுழைந்தால்தான் அது குற்ற அத்துமீறல். தங்க வந்தவர்கள் மேல் அப்படி எதுவும் சொல்ல முடியாது. எனவே மனுவில் முகவரின் செயல் மட்டுமே எழுதப்பட்டது. அவரை அழைத்து விசாரித்ததில் எழுதிக் கொடுத்துவிட்டு, 1, 2 என்று எண்ணிட்ட சாவிகளை ஒப்படைத்தார். மூன்றாம் எண் சாவி எங்கே என்று அவருக்கே தெரியவில்லை.

அடுத்த முறை மலைக்குப் போனபோது, காரிலிருந்து இறங்கியதும் அந்த அம்மா நேரே தோட்டக்காரர் வீட்டுக்கு நடந்து போனார். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. ஆவணி வளர்பிறையில் பால் காய்ச்சியபோது, அடுப்பைப் பற்றவைத்த இருவரில் தோட்டக்காரரின் மனைவியும் ஒருவர்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

சாவி கைக்கு வரும் அன்றே சிலிண்டர்களை மாற்றியிருக்க வேண்டும். வார்னிஷுக்கும் ஆசாரிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. முழுப் பூட்டை மாற்ற வேண்டிய கதவுக்கு வெளியே ஓர் ஆல்ட்ராப் போட்டுச் சமாளிக்கலாம்.

யாரிடமெல்லாம் சாவி இருக்கிறது என்ற கேள்வியை முன்பண ஒப்பந்தம் எழுதும்போதே கேட்டிருக்க வேண்டும். சொத்து மாற்றுச் சட்டம், 1882-இன் 55-ஆம் பிரிவு, சுவாதீனத்தை ஒப்படைக்கும் கடமையை விற்பவர் மேல் வைக்கிறது. ஆனால் வெளியே எத்தனை சாவிகள் புழங்குகின்றன என்று அவராக முன்வந்து சொல்வார் என எதிர்பார்க்க முடியாது. பல சமயம் அவருக்கே நினைவிருக்காது. இந்த வீடு வாடகைக்கு விடப்பட்டது என்று காதில் விழுந்த அன்றே, முன்பதிவுகள் ஏதாவது நிலுவையில் உள்ளனவா என்று கேட்டு, இல்லை என்று எழுதி வாங்கியிருந்தால் இரண்டு குடும்பங்களின் அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

என் பங்குக்கு, வீட்டுப் பரிசோதனை அறிக்கையில் இப்போது ஒரு பக்கம் சேர்த்திருக்கிறேன். ஒவ்வொரு வெளிக்கதவிலும் என்ன வகைப் பூட்டு, சிலிண்டராக இருந்தால் திருகாணி மையத்திலிருந்து இரு பக்க அளவு, கைக்கு வந்த சாவிகளில் அசல் எத்தனை நகல் எத்தனை, மீட்டர் எண், மேல்நிலைத் தொட்டியின் நீர்மட்டம் ஆகியவை அதில் இருக்கும். விற்பவரும் வாங்குபவரும் அந்தப் பக்கத்தில் தேதியிட்டுக் கையெழுத்துப் போடுகிறார்கள். சென்ற மாதம் கன்னங்குறிச்சியில் ஒரு வீட்டுக்கு அப்படி எழுதியபோது, விற்பவர் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு எழுந்து உள்ளே போய், பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்திருந்த ஒரு சாவியை வாங்கிவந்து மேசையில் வைத்தார்.